பெரிய கை சாப்பிட உதவாது

பாசிக்குடாவுக்கு வருகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குற்றமில்லை, இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கக்கூடிய கடல் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் நண்டு பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி, வாழைச்சேனைக் களப்புப் பக்கம் போக வேண்டும்.

கடற்கரை மணல் பேய் நண்டுக்குரியது. களப்போரச் சேறு தொடங்கியதும் குடிகள் மாறிவிடும். வெயில் விழும் திறந்த சேற்றில் விரல்நுனி அளவில் பிடில் நண்டுகள். ஆணுக்கு ஒரு கை மட்டும் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும், சண்டைக்கும் அதுதான். சாப்பிட உதவாது. மற்ற சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, நுண்பாசியைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கிக் கீழே போடும். பெண் இரண்டு கையாலும் உண்ணும். ஆண் பாவம், ஒற்றைக் கைக்காரன்.

கண்டல் நிழலுக்குள் சதுர ஓட்டுடன் திரிபவை செசார்மிட் குடும்பத்து நண்டுகள். உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துப்போய்த் தின்னும். இல்லாவிட்டால் அந்த இலைகளில் பெரும்பகுதியை நீர் அடித்துக்கொண்டு போய்விடும். இவை மூச்சு விடுவதுதான் வேடிக்கை. செவுளிலிருந்து வெளிவரும் நீரை வாயின் இருபுறமும் உள்ள மயிர்வலையில் படரவிட்டு, காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்றி, அதே நீரை மறுபடி உள்ளே எடுத்துக்கொள்ளும். ஈரம் காயாதவரை தரையிலேயே காலம் தள்ளலாம்.

எந்த நண்டு எங்கே குடியிருப்பது என்பதைப் பெரும்பாலும் கடலேற்றம் தீர்மானிக்கும் என்பது பொதுப் பாடம். ஆனால் கிழக்குக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. களப்புக்குள் இன்னும் குறைவு. ஆகவே இங்கே மாரி மழைக்கும் முகத்துவாரத்து மணல்திட்டுக்கும் அதிகாரம் கூடுதல். தெற்கே, சுமார் 56 கிலோமீட்டர் நீளமான மட்டக்களப்பு வாவியில் இது நன்றாகத் தெரியும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மாரியில் வெள்ளம் உடைக்கும், சிலவேளை வயல்களைக் காப்பாற்ற ஆட்களே வெட்டிவிடுவார்கள். நீர்மட்டமும் உப்பும் அதற்கேற்ப மாறும், சேற்றோரமும் ஏறி இறங்கும்.

கொழும்பிலும் சிங்கப்பூரிலும் பெயர் வாங்கிய களப்பு நண்டுக்கு, சில்லா செராட்டாவுக்கு, இந்த வாசல் இன்னும் முக்கியம். வளர்வது கண்டல் சேற்றில்தான் என்றாலும், சினைப்பட்ட பெண் முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். ஒரு தாயிடம் பல இலட்சம் முட்டைகள். குஞ்சுகள் கடலில் சில வாரம் மிதந்து, உருமாறி, கரையோரத்துக்கு வந்து களப்புக்குள் நுழையும். அந்த நாட்களில் மணல் வழிவிட்டிருக்க வேண்டும்.