ஒதுக்கினால் பொடித்துவிடு!

சாம்பாரில் மிதக்கிற கறிவேப்பிலையை நாம் என்ன செய்கிறோம்? ஆள்காட்டி விரலால் தள்ளி, தட்டின் ஓரத்துக்கு நாடு கடத்துகிறோம்! அதையே ஒரு எட்டு வயசுப் பையன் சத்துணவுத் தட்டில் செய்தால் மட்டும், 'சோத்தோட அருமை தெரியலை' என்று திட்டு.

விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸில் வாரத்துக்கு நாலு நாள் போய்வருகிறவன் நான். வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் அரைமணி நேரம் நிற்க வாய்த்தது. அப்போதுதான் புரிந்தது... சோறு மிச்சமாவது பெரும்பாலும் தட்டில் இல்லை, அளக்கிற படியில்!

ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி. இருபது பிள்ளைகள் வரவில்லை என்றால் இரண்டு கிலோ! மேல்மலையனூர் அமாவாசை, மயிலம் பங்குனி உத்திரம் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிற ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. காலையில் தலையை எண்ணிவிட்டு உலையில் அரிசி போட்டால் மிச்சமில்லை. நேற்றைய கணக்கில் போட்டால் மாட்டுக்குத்தான் விருந்து.

அடுத்தது ருசி. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பிறகு, ரொம்ப வருஷம் தினமும் சாதம், சாம்பார்தான். நமக்கே மூன்றாம் நாள் அலுத்துவிடும், பிள்ளைகளுக்கு அலுக்காதா? 2013-ல் கலவை சாதங்கள் வந்தன. தக்காளி சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், மசாலா முட்டை... பட்டியலில் கறிவேப்பிலை சாதமும் உண்டு. பொடித்துக் கலந்துவிட்டால், பயல் எதைப் பொறுக்கி ஒதுக்குவான்!

மூன்றாவது, கரண்டி. முதலில் குறைவாகப் போட்டு, 'ஆயா, இன்னும் கொஞ்சம்' என்று நீட்டினால் முகம் சுளிக்காமல் போடுவது. ஒரேயடியாகக் குவித்தால் சின்னது மலைத்துப்போய் பாதியில் எழுந்துவிடும். கொட்டின சோற்றை நாய் தின்றுவிடும். ஆனால் சாயந்திரம் வரை பாதி வயிற்றோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

சரி ஸார், மெஸ்ஸில் சாப்பிடுகிற பேச்சிலர்களே... 'இன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போகிறவர் நம்மில் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்!