டெஸ்க்டாப் ஆப் எழுதப் போறீங்களா? டூல்கிட் முடிவு செய்யும் முன் இந்த மூன்றைப் பாருங்க

பள்ளிகளுக்கு ஒரு மாணவர் பதிவு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் உள்ள தனியார் பள்ளியில் விண்டோஸ். கேரள அரசுப் பள்ளிக்குப் போனால் லினக்ஸ். தாளாளர் வைத்திருப்பது மேக். மூன்றுக்கும் தனித்தனியாக எழுத ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே கோடை வைத்து மூன்றிலும் விண்டோ, பட்டன், மெனு எல்லாம் காட்ட உதவுவதுதான் கிராஸ் பிளாட்ஃபார்ம் டூல்கிட்.

டெமோ பார்த்துட்டு, "அழகா இருக்கு, இதையே எடுத்துக்கலாம்"னு முடிவு பண்றவங்க நிறைய பேர். அழகைப் பிறகு மாற்றலாம். டூல்கிட்டையே மாற்றுவதென்றால் எல்லாத் திரைகளையும் திரும்ப எழுத வேண்டும். அதனால், பின்னாடி மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்.

லைசென்ஸ் என்ன சொல்கிறது?

கியூட் டூல்கிட்டின் கதையே இதற்குப் பாடம். 1996-ல் கேடிஇ குழு லினக்ஸ் டெஸ்க்டாப்பை அதில் கட்டத் தொடங்கியது. ஆனால், அன்றைய கியூட் லைசென்ஸ் முழுச் சுதந்திரம் தரவில்லை. அதை ஏற்காதவர்கள் 1997-ல் ஜிடிகே-வை வைத்து க்னோம் டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள். கியூட்டுக்கு எல்ஜிபிஎல் லைசென்ஸ் வந்தது 2009-ல்தான்.

எல்ஜிபிஎல் இருந்தால் உங்கள் கோடை வெளியிடாமலே ஆப்பை விற்கலாம். ஆனால், பயனர் விரும்பினால் கியூட் லைப்ரரியை மாற்றிக்கொள்ள வழிவிட வேண்டும். இன்னொரு கண்ணி: வரைபடம் போடும் கியூட் சார்ட்ஸ், ஜிபிஎல் அல்லது கட்டண லைசென்ஸில்தான் கிடைக்கும். பைத்தானிலும் அப்படியே. பைசைட் எல்ஜிபிஎல், பைகியூட் ஜிபிஎல் அல்லது கட்டணம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கோடுதான். சட்டப்படி வேறு வேறு. எலக்ட்ரான், ஃப்ளட்டர் இரண்டிலும் இந்தச் சிக்கல் குறைவு.

பழைய கம்ப்யூட்டர் தாங்குமா?

எலக்ட்ரான் ஆப் ஒவ்வொன்றும் குரோமியம் பிரவுசரையே கூடவே சுமந்து வருகிறது. வெறும் காலிப் பக்கம் காட்டும் ஆப்கூட 100 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். விஎஸ் கோட், ஸ்லாக் எல்லாம் இப்படி உருவானவைதான். உங்கள் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் தெரியாது. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் 4 ஜிபி மெஷினில் தெரியும்.

மைக்ரோசாஃப்டே 2023-ல் டீம்ஸ் ஆப்பை எலக்ட்ரானிலிருந்து வெளியே எடுத்து, வெப்வியூ2-க்கு மாற்றியது. இதனால் நினைவகப் பயன்பாடு பாதியாகக் குறையும் என்றும் சொன்னது. டௌரியும் இதே வழிதான்: சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள பிரவுசர் இன்ஜினையே பயன்படுத்துகிறது. ஆனால், அந்த இன்ஜின் சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். மூன்றிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியது உங்கள் வேலை.

தமிழ் ஒழுங்காக வருமா?

'கொ' என்ற எழுத்தை கம்ப்யூட்டர் 'க', அதன் பின் ஒரு உயிர்க்குறி என்று சேமிக்கிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து 'க'வுக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டும். இதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி கியூட், ஜிடிகே, குரோமியம், ஃப்ளட்டர் எல்லாவற்றிலும் இருக்கிறது. டியர் இம்கூய் போன்ற எளிய டூல்கிட்டில் இந்த வசதி இயல்பாகக் கிடையாது. பட்டன் ஆங்கிலத்தில் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. 'கோமதி' என்று மாணவி பெயரை அடித்ததும் எழுத்து உடையும்.

அப்போ எதை எடுப்பது?

டீமில் எல்லாரும் வெப் டெவலப்பர்களா? டௌரி அல்லது எலக்ட்ரான். மொபைலும் வேணுமா? ஃப்ளட்டர். கனமான டேட்டா, பழைய மெஷின், பல வருட ஆயுள்? கியூட். முடிவுக்கு முன் ஒரே ஒரு திரையை மட்டும் எழுதி, வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரில் போட்டு, தமிழ்ப் பெயர் அடித்து, பிரின்ட் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் போகும். பின்னாடி ஒரு வருஷம் மிச்சமாகலாம்.