காதைத் தொட்டுப் பார்த்த வயசு

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோவில் மீன் இறங்குதளம். காலை ஆறரை மணி. ஏலச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. வலையிலிருந்து கவலை மீனை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், “பெரியவரே, இங்க டீக்கடை எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் கையை நீட்டிக் காட்டினார். டீ குடித்துவிட்டு வந்து பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெரியவர் என்னைவிட நாலு வயது இளையவர்.

எனக்கு முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார். “கடலுக்குப் போறவன் மூஞ்சி அப்படித்தான் சார். உப்புல ஊறுனது. என் செட்டு ஒருத்தன் கடைத்தெருவுல ஜவுளிக்கடை வச்சிருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா அவன என் மவனான்னு கேக்குறானுவ.”

பழியை அவர் உப்பின் மேல் போட்டார். உப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, தோலை வறள வைக்கும். ஆனால் பெரிய குற்றவாளி தலைக்கு மேலே இருக்கிறது. பரங்கிப்பேட்டை இருப்பது வடக்கே பதினொன்றரை பாகையில். வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும், உச்சிப்பொழுதில் சூரியன் இந்த ஊருக்கு நேர் மேலே வந்து நிற்கும். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பெருகட்டும் என்று போட்ட சட்டம் அது. போகிற போக்கில் மனிதத் தோலுக்கும் இரண்டு மாதம் விடுப்பு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், மணலில் உட்கார்ந்து வலை பின்னுவதும். சின்ன ஃபைபர் படகுக்காரர்களுக்கோ அந்தத் தடையே கிடையாது.

வெயிலில் வருகிற புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை நம் தோலுக்கு வந்து சேர்கின்றன. பி வகை பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடும். தோல் காந்துவது அதனால்தான். ஏ வகை சத்தமில்லாத கள்ளன். எரிச்சல் தெரியாமல் உள்ளே இறங்கி, தோலை இழுத்துக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். கண்ணாடி ஜன்னலும் அதைத் தடுக்காது. 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த புகைப்படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 69 வயது லாரி ஓட்டுநர், 28 வருஷம் அதே வேலை. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் வெயில் விழுந்தது இடக் கன்னத்தில். அந்தப் பக்கம் மட்டும் தோல் தடித்து, மடிந்து, பைபையாகத் தொங்கியது. வலப்பக்கம் பார்த்தால் பத்து, பதினைந்து வயது குறைவான இன்னொருவர். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது நம்மூர் ஓட்டுநரின் இரண்டு முன்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு வலது கை கறுத்திருக்கும்.

படகில் அந்த ஒரு பக்கச் சலுகையும் இல்லை. மேலிருந்து வருவது போதாதென்று கீழிருந்தும் வரும். காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம், நுரை கக்கும் கடல் 25 சதவீதம் வரை புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் நெற்றி தப்பும், தாடை தப்பாது.

நம் தோலில் ஒரு நல்லது இருக்கிறது. கறுப்பு நிறமி ஓரளவுக்குக் குடை பிடிக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு முப்பது, நாற்பதில் விழுகிற கோடுகள் நமக்குப் பத்து வருஷமாவது தள்ளித்தான் விழும். நம் முகங்களில் வயது முதலில் சுருக்கமாக வருவதில்லை; கன்னத்தில் மங்காகவும், கண்ணுக்குக் கீழே கருமையாகவும், திட்டுத் திட்டாகவும் வரும். இப்படிப்பட்ட தோலை நிறம் வெளுக்கச் சொல்லி விற்கும் களிம்புகளுக்கு இந்த ஊர்க் கடைகளிலும் நல்ல வியாபாரம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். இயற்கை கொடுத்த குடையை மடக்கக் காசு கொடுக்கிறோம்.

சரி, இந்த மீனவர் என்னைவிடக் கிழவரா? என் கண் முன்னாலேயே அவர் ஈரவலை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடந்தார். அந்த மூட்டையின் ஒரு முனையைத் தூக்கவே எனக்கு ஆள் வேண்டும். முகம் ஒரு வயதைச் சொல்கிறது, முதுகு வேறொன்றைச் சொல்கிறது.

இதைப் பற்றி அறிவியல் சொல்வது கொஞ்சம் சிக்கலானது. டென்மார்க்கில் காரே கிறிஸ்டென்சன் என்பவரின் குழு, 70 வயது தாண்டிய 1,826 இரட்டையர்களைப் புகைப்படம் எடுத்து, அதைச் செவிலியர்கள், இளைஞர்கள், வயதான பெண்கள் என்று 41 பேரிடம் காட்டி வயதை ஊகிக்கச் சொன்னது. முடிவு 2009-ல் வெளியானது. வயதுக்கு மூத்தவராகத் தெரிந்தவர்கள் முன்னதாக இறந்திருந்தார்கள். இரட்டையரில் யார் கிழவராகத் தெரிந்தாரோ அவர் முந்திப் போவதே அதிகம். தோற்ற வித்தியாசம் கூடக் கூட இந்தக் கணக்கும் கூடியது. ‘ஆள் பார்க்க எப்படி இருக்கிறார்’ என்று நம்மூர் டாக்டர்கள் நாடி பிடிக்குமுன் பார்ப்பது வீண் இல்லை.

இன்னொன்று நியூசிலாந்தில், டுனெடின் என்ற துறைமுக ஊரில். 1972, 73-ல் அங்கே பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிறந்ததிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது 954 பேரின் ரத்தம், சிறுநீரகம், நுரையீரல், பல் ஈறு என்று பலவற்றையும் அளந்து உடம்பின் வயதைக் கணக்கிட்டார்கள். எல்லாருக்கும் நிஜ வயது 38. உடம்பின் வயதோ 28-லிருந்து 61 வரை போனது! புகைப்படத்தை மட்டும் பார்த்த அந்நியர்களும், வேகமாகத் தேய்கிறவர்களைத்தான் மூத்தவர்கள் என்று சொன்னார்கள். 2015-ல் வந்த ஆய்வு இது.

ஆனால் இவையெல்லாம் கூட்டத்துக்குப் போட்ட கணக்கு. ஒரு தனி ஆளை நிறுத்தி, இவர் முகம் வெயிலில் வெந்ததா, உள்ளே தேய்ந்ததா என்று கேட்டால் புகைப்படம் பதில் சொல்லாது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ‘வயசுக்கு இளமையாக இருக்கிறார்’ என்று சொல்ல முதலில் வயசு தெரிய வேண்டுமே. நம்மில் ஒரு தலைமுறைக்கே வயது என்பது காதில் எழுதியது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். விரல் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தேதியை அவரே கணக்குப் பண்ணி மே, ஜூனில் ஒன்றைப் போட்டுவிடுவார். உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தைகளின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள்; அந்த இரண்டு மாதங்களில் மட்டும் தமிழ்நாட்டில் பிள்ளை மழை பெய்திருக்கும். கை நீளமான நாலு வயதுப் பையன் ஐந்தாகிவிடுவான். ஆயுள் முழுக்க அவன் காகிதத்தில் ஒரு வயது மூப்பு, ஆளில் ஒரு வயது இளமை. “ரிடையர் ஆற வயசா இவருக்கு?” என்று நாம் வியக்கிற சிலரின் ரகசியம் யோகாவோ நெல்லிக்காயோ இல்லை, அந்த நீளக் கைதான். பள்ளிக்கூடமே போகாதவர்கள் கதை வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 40, 45, 50, 60 என்று ஐந்திலும் சுழியிலும் முடிகிற வயதுக்காரர்கள் அநியாயத்துக்குக் குவிவதைப் புள்ளியியலார் வெகுகாலமாகவே சொல்லி வருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மீனுக்கும் வயது காதில்தான். இந்த ஊர் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கடல் உயிரியல் படிக்கிறவர்களுக்கு மீன் வயதைக் கண்டுபிடிப்பது பாலபாடம். மீனின் மண்டைக்குள், உட்காதில், சுண்ணாம்புச் சத்தாலான சிறு கற்கள் உண்டு. கத்தாழை மீனின் தலையை விரும்பித் தின்கிறவர்களுக்குப் பல்லில் நறுக்கென்று மாட்டுமே, அந்த வெள்ளைக் கல். அதை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மர வளையம் போல வளையங்கள். குளிர்நாட்டு மீனில் ஆண்டு வளையம் பளிச்சென்று தெரியும். நம் கடலில் தண்ணீரின் சூடு அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை என்பதால் வளையம் மங்கல். அதனால் நாள் வளையங்களை எண்ணுவதும் உண்டு. எப்படியானாலும் ஒரு விரல் நீள மீன்கூடத் தன் வயதை மறைக்க முடியாது. அதைப் பிடித்தவருக்கு ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது, அவர் அம்மா சொல்லும் புயல் கணக்கில் இன்னொரு வயது.

ஊர் வரலாற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் மோதியவர்கள் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும். கூட்டுக்கு 55 வயது, உடம்பு முடியாத மனிதர். ஹைதர் அலி பிறந்த வருஷத்தைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு. அறுபதை ஒட்டி இருந்திருப்பார். தாடி, மீசை மட்டுமில்லை, புருவத்தையும் மழித்துவிடுகிற பழக்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். நரைக்க ஒரு மயிரும் இல்லாத முகத்தில் யார் வயதைப் படிப்பது? டை அடிப்பதைவிட உறுதியான ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்குள் இருவருமே போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

‘எங்க வம்சத்துல நரை விழாது’ என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பொய்யில்லை, முடி நரைப்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. பீடி, சிகரெட் முகத்தை என்ன செய்யும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பலரும் மறப்பது பல். கடைவாய்ப் பல் போனால் தாடை எலும்பு தேயும், கன்னம் குழிந்து, ஆள் ஒரே வருஷத்தில் பத்து வயது ஏறிவிடுவார். முகக் களிம்புக்குச் செலவழிக்கிற காசில் பாதியைப் பல் டாக்டரிடம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

நரையைப் பற்றிப் பேசினால் தமிழில் சங்கப் புலவர் பிசிராந்தையாரிடம் போகாமல் முடியாது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர். வயது இத்தனை ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றின் 191-ஆவது பாட்டு. மனைவி மாண்புள்ளவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் என் நினைப்பறிந்து நடப்பவர்கள், அரசன் தீமை செய்யாமல் காப்பவன், போதாததற்கு ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் என்று அடுக்குகிறார். கவலையில்லாதவன் நரைக்க மாட்டான் என்று பட்டிமன்ற மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அன்னங்கோவில் மணலில் நின்றபோது அந்த ஏவலர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். சொல்லாமலே குறிப்பறிந்து ஓடி ஓடிச் செய்த அவர்கள் தலை எப்படி இருந்திருக்கும்? மாண்புள்ள அந்த மனைவியின் தலை? அவர்களிடம் யாரும் பாட்டு கேட்கவில்லை.

2004-ல் அமெரிக்காவில் எலிசா எப்பலும் எலிசபெத் பிளாக்பர்னும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். தீராத நோயுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களின் ரத்த அணுக்களை எடுத்து, குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற உறையின் நீளத்தை அளந்தார்கள். செருப்பு தேய்வது போல வயதாக ஆகத் தேய்கிற பகுதி அது. அதிக மன அழுத்தத்தில் இருந்த பெண்களுக்குப் பத்து வயதாவது கூடுதலாகத் தேய்ந்திருந்தது. டெலோமியர் ஆய்வுக்காக பிளாக்பர்ன் 2009-ல் நோபல் பரிசும் பெற்றார். பிசிராந்தையாரின் பட்டியலைத் தலைகீழாகப் படித்தால் அந்தத் தாய்மார்கள் வருவார்கள்.

கிளம்புகிற நேரம். அந்த மீனவரின் மனைவி நீல நிறத் தார்ப்பாயின் கீழே கூறு போட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “இவரு ரெண்டு மணிக்கு எறங்குவாரு. அதுக்கு மின்னாடியே எந்திரிக்கணும்ல?” நடந்ததைக் கணவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார் போல. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்களுக்கு நாப்பத்தி ரெண்டு, மூணு இருக்குமா சார்?”

சொன்னேன். அவர் பத்து வயது குறைத்துச் சொன்னதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

“ஒங்க வூட்டுல சம்சாரம் வேலைக்குப் போறாங்களா?”

“போறாங்க.”

“சமையலு?”

“அவங்கதான்.”

“அதான்” என்று சொல்லிவிட்டு, தராசில் மீனை அள்ளிப் போட ஆரம்பித்தார். “கத்தாழ முக்கா கிலோ இருக்கு. தலையோட வாங்கிக்கறீங்களா, வெட்டித் தரட்டுமா?”

தலையோடு வாங்கிக்கொண்டேன்.