செயலுக்கு முன் நான்கு வினாக்கள்: திருக்குறள் காட்டும் சிந்தனைச் சட்டகம்

முன்னுரை

திருக்குறளைத் தனித்தனி அறிவுரைகளின் தொகுப்பாகக் கற்பதே பெருவழக்கு. ஆயின் பொருட்பாலின் 47 முதல் 50 வரையுள்ள தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களை வரிசையாகப் படிப்பவர்க்கு, அவை முடிவெடுக்கும் முறை ஒன்றன் படிநிலைகளாகப் புலப்படும். அம்முறை அன்றாட வாழ்வுக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் அதன் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு வினாக்கள்

முதல் வினா பயன் பற்றியது. ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, முடிவில் எஞ்சுவது எது என்று எண்ணவேண்டும். வரவிருக்கும் ஊதியத்தை நம்பிக் கைம்முதலை இழத்தலாகாது. அதேவேளை, செய்யத்தகாததைச் செய்வதைப் போலவே செய்யத்தக்கதைச் செய்யாமையும் கேடு தரும் என்கிறார் வள்ளுவர். எனவே இம்முறை தயக்கத்திற்குத் துணைநிற்பதன்று.

இரண்டாவது வலிமை. செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை என நான்கும் எடைபோடப்படுகின்றன. மயிலிறகும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்னும் உவமை, சிறுசுமைகள் சேர்வதால் வரும் கேட்டைக் காட்டுகிறது.

மூன்றாவது காலம். பகலில் காக்கை கூகையை வெல்லும். தக்க பொழுது வரும்வரை கொக்குப்போல் அடங்கியிருத்தலும் செயலின் ஒரு பகுதியே.

நான்காவது இடம். ஆழ்நீரில் வெல்லும் முதலை, நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்களிடம் தோற்கும். வலிமை ஆளிடம் மட்டும் இருப்பதன்று. அவர் நிற்கும் இடத்தையும் சார்ந்தது.

ஒரு பொருத்தம்

புலம்பெயர்ந்த நாட்டில் கடன்பெற்று உணவகம் தொடங்க எண்ணும் குடும்பம் ஒன்றைக் கருதுவோம். ஊரில் பெற்ற கைப்பக்குவப் புகழ் புதிய இடத்தில் செல்லுமா? வாடகை, வட்டி, உரிமக் கட்டணம் எனத் தனித்தனியே சிறியவையாய்த் தோன்றும் சுமைகள் சேரும்போது தாங்கவியலுமா? தோற்றால் குடியிருக்கும் வீடும் கைவிட்டுப் போகுமா? இவ்வினாக்கள் முடிவைத் தாமே தருவதில்லை. விருப்பத்தின் வேகத்தில் மறைந்துபோகும் செய்திகளை முன்னே கொணர்கின்றன.

வரம்பு

பரிமேலழகர் இவ்வதிகாரங்களை அரசியலுள் அடக்கி, அரசனை முன்னிறுத்தி உரை வகுத்தார். ஆதலால் இவை குடிமக்கள் வாழ்வுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். வண்டி, மரக்கிளை, வரவு செலவு எனப் பொதுமக்கள் வாழ்விலிருந்தே பல உவமைகளும் எடுத்துக்காட்டுகளும் வருதலின், பொருத்திக் காண்பதில் தவறில்லை.

வேறொரு வரம்பு இதனினும் பெரிது. ஒரு செயல் வெல்லுமா என்பதையே இந்நான்கும் பெரிதும் ஆராய்கின்றன. அது தக்கதா என்பதை முழுமையாக முடிவுசெய்யும் கருவி இவற்றில் இல்லை. வஞ்சகனும் இவற்றைத் திறம்படப் பயன்படுத்தலாம். அத்தகுதியை உணர்த்தும் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் நூலில் முன்னரே நிற்கின்றன.

முடிவுரை

ஆகவே திருக்குறளைக் கற்பிப்போர் குறள்களை உதிரியாக அன்றி, அதிகார வரிசையோடும் பால் வரிசையோடும் இணைத்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்கும் மாணவர், மனனம் செய்த குறளைத் தம் வாழ்வின் முடிவுகளை ஆராயும் வினாவாகவும் மாற்றிக்கொள்வர்.