ஜாஸும் ஆதி தாளமும்

ஜாஸ் சங்கீதம் என்றதும் நம்மவரிற் பலர் காதைப் பொத்திக்கொள்வதுண்டு. சித்தூரில் எங்கள் இல்லத்திலும் அவ்வாறே இருந்தது. என் தந்தையார் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் சீடரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பாட்டில் ஊறியவர். தாளம் இம்மியளவு பிசகினாலும் பொறுக்கமாட்டார். ‘வரம்பில்லாத வாசிப்பு’ என்று ஜாஸை ஒதுக்கிவிட்டார். அத்தீர்ப்பு சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில், ஆப்பிரிக்க அடிமை மக்கள் ஞாயிறுதோறும் கூடி, முழவு கொட்டி ஆடினர். ஊரும் உறவும் பறிக்கப்பட்ட நிலையிலும் அவர்கள் தாளத்தைக் கைவிடவில்லை. விடுதலைக்குப் பின் அவர்தம் சந்ததியார் பேண்டு வாத்தியங்களைக் கையேற்று, துயர் தோய்ந்த புளூஸ் பாட்டையும் சேர்த்து, ஜாஸை உருவாக்கினர். 1920-களில் லூயி ஆம்ஸ்ட்ராங் (1901-1971) தம் டிரம்பெட் வாசிப்பினால், தனி வாசிப்பையே அதன் உயிராக்கினார்.

மொழிபெயர்ப்பு என் தொழில். மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் அவர்களுடைய முறைக்குத் தமிழில் நான் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மனோதர்மம் என்பது நம்மிடம் நெடுநாளாக வழங்குகிறது. இராகம் அவர்களிடம் இல்லை. அதனிடத்தில், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டுகள் முறைப்படி மாறிவருகின்றன. எனினும் வரம்பு உண்டு. புளூஸின் வழக்கமான சுற்று 12 பகுதிகள் கொண்டது, பகுதிக்கு 4 எண்ணிக்கை, ஆக 48. நம் ஆதி தாளத்தில் இது சரியாக 6 ஆவர்த்தனம்! வாத்தியக்காரர் இருவர் நந்நான்கு பகுதியாக மாறிமாறி வாசிக்கும்போது, நம் தனியாவர்த்தனத்தின் குறைப்பே நினைவுக்கு வருகிறது.

இவ்வுறவை நம் நாட்டு வித்துவான் ஒருவர் மேடையிலேயே காட்டினார். நாகஸ்வரக் குடும்பத்தில் தோன்றி, சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் (1949-2019), 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹாண்டியுடன் சேர்ந்து வாசித்தார்.

திருப்பதியில் என் வீட்டிற்குத் தந்தையார் வந்திருந்தபோது, ஒரு புளூஸ் இசைத்தட்டை வைத்து, “ஆதி தாளம் மட்டும் போடுங்கள், அப்பா” என்று வேண்டினேன். வேண்டாவெறுப்பாகவே தொடங்கினார். முதற் சுற்றில் முகம் சுளித்தார். இரண்டாவதில் புருவம் உயர்ந்தது. மூன்றாவது சுற்றின் முடிவில் வாத்தியமும் அவர் கையும் ஒருங்கே சமத்தில் வந்து விழுந்தன.

“கணக்கு இருக்கிறதடா,” என்றார் மெல்ல. “இத்தனை நாள் நான்தான் காது கொடுக்கவில்லை.”

நேயர்களும் ஒருமுறை தாளம் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். பிடிக்காமற் போகலாம், அதில் குற்றமில்லை. கேளாமலே தள்ளுவதுதான் குற்றம்.