தங்கத்துக்கு அடியில் நிக்கல்

வடக்குத் தொழில்தடம் – 9

சென்ற வாரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் சுற்றினோம். அங்கே பேச்செல்லாம் டன் கணக்கு. இந்த வாரம் பிளேட்டிங் எனும் மின்பூச்சு. இங்கே மைக்ரான் கணக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கார் வயரிங்கிலும் சர்க்யூட் போர்டிலும் செருகும் கனெக்டர் பின்னை எடுத்துக்கொள்வோம். உடம்பு பித்தளை அல்லது பாஸ்பர் வெண்கலம். மேலே தங்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விஷயம் அவ்வளவுதான். பிளேட்டிங் ஷாப்காரரோ முதலில் கேட்பது, அடியில் நிக்கல் எத்தனை மைக்ரான் என்று.

இந்தச் செம்புக் கலவைகளின் மேல் நேரடியாகத் தங்கம் ஏற்றினால் செம்பு சும்மா இருக்காது. நாளாக ஆக தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும். சூடு இருந்தால் இன்னும் சீக்கிரம். மெல்லிய தங்கப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டுப் பக்கம் உப்புக் காற்று, தெற்கே எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும். ஈரமும் உப்பும் கந்தகமும் அந்தத் துளைகளைத் தேடிப் போகும். சிதம்பரம் கவரிங் வளையலில் செம்பு எட்டிப் பார்த்தால் கல்யாண வீட்டில் மானம் போகும். பின்னில் எட்டிப் பார்த்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் இடையில் ஒன்றேகால் முதல் இரண்டரை மைக்ரான் வரை நிக்கல். அதன் மேல், அடிக்கடி கழற்றி மாட்டும் பின்னுக்கு முக்கால் மைக்ரான் அளவில் கோபால்ட் கலந்த கடினத் தங்கம். ஒருமுறை மாட்டி அப்படியே விடுவதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு தங்கம்கூடப் போதும்.

தங்கம் விற்கிற விலையில் பர்ச்சேஸ் ஆள் முதலில் கை வைப்பது தங்கத்தில். அது நியாயம்தான். சேர்த்து நிக்கலையும் குறைக்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிக்கல் சரியாக இருந்தால் தங்கத்தை ஓரளவு குறைத்துச் சமாளிக்கலாம். நிக்கல் சொதப்பினால் மேலே எவ்வளவு தங்கம் கொட்டினாலும் காசுக்குப் பிடித்த கேடு.

நிக்கல் தொட்டியின் உடல்நிலையைப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது: ஹல் செல். அமெரிக்கர் ரிச்சர்ட் ஹல் 1930-களின் இறுதியில் உருவாக்கியது. கொள்ளளவு 267 மில்லி. ஒரு சுவர் சாய்வாக இருக்கும். தொட்டியிலிருந்து கரைசலை முகந்து ஊற்றி, சாய்ந்த பக்கத்தில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து, 2 ஆம்பியர் மின்சாரம், 5 நிமிடம். தகட்டின் ஒரு முனை ஆனோடுக்கு அருகில், மறுமுனை தூரத்தில். அதனால் அதிக மின்னோட்டம் முதல் குறைந்த மின்னோட்டம் வரை எல்லாமே ஒரே தகட்டில் பதிவாகிவிடும். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். கிட்ட முனை கருகியிருந்தால் ஒரு கதை, நடுவில் பளபளப்பு மங்கினால் பிரைட்னர் (பளபளப்பூட்டி) குறைவு. தூர முனை கறுத்திருந்தால் பெரும்பாலும் செம்போ துத்தநாகமோ கலந்திருக்கிறது. பின்களைப் போட்டுச் சுழற்றும் பேரலிலிருந்து நழுவி அடியில் விழுந்த பித்தளைப் பின்கள் அங்கேயே கிடந்து கரைந்திருக்கும். அப்புறம் நெளிவுத் தகட்டைத் தொங்கவிட்டு, குறைந்த ஆம்பியரில் மணிக்கணக்காக ஓட்டி அழுக்கை இழுக்க வேண்டும். அதற்கு டம்மி பிளேட்டிங் என்று பெயர். அந்த நேரம் முழுக்க உற்பத்தி நிற்கும். பின் வாங்கும் கம்பெனியிலிருந்து போன் மேல் போன் வரும்.

இந்த வித்தையையும் ஆராய நம் மாநிலத்தில் ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்.

மின்பூச்சுக்கு ஒரு கெட்ட குணம்: முனைகளிலும் விளிம்புகளிலும் கூடுதலாகப் படியும், துளைக்குள் எட்டிப் பார்க்காது. ஸ்க்ரூ மரையில் பூச்சே வம்பு. சீராக 5 மைக்ரான் பூச்சு ஏறினாலே 60 டிகிரி மரையின் பிட்ச் விட்டம் அதைப்போல நான்கு மடங்கு, 20 மைக்ரான் கூடும், நட்டு ஏறாமல் போகலாம். டிராயிங் போடுபவர் பூச்சுக்கு முன்னா பின்னா என்று அளவில் குறிப்பிடாமல் விட்டால் ரிஜெக்‌ஷன் பழி பிளேட்டிங்காரர் தலையில். உள்துளை உள்ள பாகங்களுக்கு எலக்ட்ரோலெஸ் நிக்கல் நல்லது. மின்சாரமே வேண்டாம், 90 டிகிரி வரை சூடான கரைசலில் வேதிவினையால் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படியும். செலவு கூடுதல்தான்.

தங்கம் கட்டுப்படியாகாத இடத்தில் வெள்ளீயம். அதிலும் நிக்கலுக்கு வேலை இருக்கிறது. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் மயிரிழை போலக் கம்பிகள் தானாக முளைக்கும். பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஊமையானதற்கு இந்த இழையே காரணமாகக் கருதப்பட்டது. கொஞ்சம் காரீயம் கலந்தால் தொல்லை அடங்கும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் காரீயத்துக்குத் தடை போட்டது. நம் மின்னணுக் கழிவு விதிகளும் 0.1 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. எனவே பளபளப்பில்லாத மேட் வெள்ளீயம், அடியில் நிக்கல். இழை முளைப்பது அடியோடு நிற்காது, குறையும்.

எல்லா இடத்திலும் நிக்கல் ஆகாது. அது காந்தத் தன்மை உள்ளது. செல்போன் கோபுர ஆண்டெனா கனெக்டரில் போட்டால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சல் வரும். அங்கே வெள்ளி. வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும் என்பதால் பலர் செம்பு–வெள்ளீயம்–துத்தநாகம் கலந்த வெள்ளை வெண்கலத்துக்குப் போகிறார்கள்.

இத்தனை வேலையிலும் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? தங்கத் தொட்டியில் சயனைடு, உலோகத்தைச் சுத்தம் செய்யும் பிக்ளிங் தொட்டியில் ஆசிட். இரண்டின் கழிவும் ஒரே குழாயில் சேர்ந்தால் கிளம்புவது உயிர்கொல்லி வாயு. அதனால் வடிகால்களைத் தனித்தனியாகவே அமைக்க வேண்டும். சயனைடைக் காரத்தன்மையில் வைத்துக் குளோரின் சேர்த்துச் சிதைக்கிறார்கள். நிக்கல், குரோமியம் எல்லாம் கடைசியில் சகதியாகப் படியும். சட்டப்படி அது அபாயக் கழிவு. கண்ட இடத்தில் கொட்ட முடியாது. அதைப் புதைக்கும் பாதுகாக்கப்பட்ட நிலமும் இதே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)