பேற்று மருந்தும் பிள்ளை மருந்தும்

கோயம்புத்தூருக்கு வடக்கே சத்தியமங்கலம் சாலையில் அமைந்த சரவணம்பட்டி, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அங்கே இன்று கணினித் தொழில் நிலையங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆயினும் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பரண் மேலிருந்த உரைகல் கீழே இறங்குதலை இன்றும் காணலாம். அம்மிச்சி அக்கல்லில் உரைத்துப் புகட்டும் மருந்து நன்றோ தீதோ என்பது கற்றோரும் ஐயுறும் வினாவாகும். முன்னோர் செய்தன யாவும் சரியென்பாரும், யாவும் மூடப் பழக்கமென்பாரும் உளர். தாய்க்குரியதையும் சேய்க்குரியதையும் பிரித்து நோக்கினாலன்றி இவ்வினாவிற்கு விடை கிடையாது.

முதற்கண் தாயின் நிலையை நோக்குவோம். ஆயுர்வேத நூலார் பிள்ளை பெற்றவளைச் சூதிகை என அழைத்தனர். அவளுடைய சடராக்கினி, அஃதாவது செரிக்கும் ஆற்றல், குன்றியிருக்கும் எனக் கொண்டு, எளிதிற் செரிக்கும் உணவையும் பசியைத் தூண்டும் சரக்குகளையும் விதித்தனர். மிளகு, சீரகம், மல்லி முதலியன கூட்டிக் கொங்கு நாட்டார் வைக்கும் செலவு இரசம் இக்கருத்தை ஒட்டியதே. சுக்கினை முதன்மையாகக் கொண்ட சௌபாக்கிய சுண்டி லேகியமும் அத்தகையது. 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பேறு கண்ட தாய்மார்க்கென வழங்கத் தொடங்கிய 16 பொருள்களடங்கிய பெட்டகத்தில் இந்த லேகியமும் இடம் பெற்றது. சீரகாரிட்டமும் இவ்வகையில் பெயர் பெற்றதே; எனினும் அரிட்டங்கள் புளிக்கவைத்து ஆக்கப்படுவன; அவற்றில் சிறிது மதுச்சத்து இயல்பாகவே தோன்றும். ஆதலின் பாலூட்டும் தாய் வைத்தியரைக் கேளாது அவற்றை உட்கொள்ளலாகாது.

தாய்க்குச் செய்யும் பத்தியத்தில் பெருந்தீங்கு ஒன்றுண்டு. தண்ணீர் பருகினால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அஞ்சி, அவளைத் தாகத்தோடு இருத்தும் வீடுகள் இன்னும் உள. மலச்சிக்கலால் அவள் படும் வேதனைக்கு இதுவும் ஒரு காரணம். பாலூட்டுவாளுக்குத் தண்ணீரும் கீரையும் காய்கனியும் மிகுதியாக வேண்டும். இவற்றை மறுத்துவிட்டு லேகியம் மட்டும் ஊட்டுதலாற் பயன் யாது?

இனிச் சேயின் நிலையை நோக்குவோம். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ உரைத்துக் கொடுப்பதே உரை மருந்து. இவற்றுள் வசம்பிற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் பெயர்கள் வழங்குதலே மக்கள் அதன்பால் வைத்த நம்பிக்கையைக் காட்டும். ஆனால் வசம்பின் எண்ணெயிலுள்ள ஆசரோன் என்னும் பொருள் சோதனை விலங்குகளிடத்துக் கட்டிகளை உண்டாக்கியமையால், அமெரிக்க அரசு 1968-ஆம் ஆண்டில் வசம்பை உணவிற் சேர்த்தலைத் தடுத்தது.

அங்ஙனமாயின் உரை மருந்து கொடுத்தவுடன் அழுகை அடங்குவது எவ்வாறு என வினவலாம். வயிற்று உப்புசத்தால் எனக் கருதப்படும் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் மிகுந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணிவது. தானே தணிந்ததன் புகழை மருந்து பெற்றுக்கொள்கிறது. இப்பிழை நம் பாட்டிமார்க்கே உரியதன்று. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு ஆக்கிய கிரைப் வாட்டர் சதகுப்பை எண்ணெயோடு சாராயமும் கலந்ததாகவே நெடுங்காலம் விற்கப்பட்டது.

ஆகவே முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலொன்றே போதும் என உலக சுகாதார நிறுவனம் 2001-ஆம் ஆண்டு முதல் வற்புறுத்துகின்றது. சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைத்தல் தவறு. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினக் கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் என்பது 1976-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஓராண்டு நிரம்புமுன் தேன் வேண்டாம். பால் குடித்தபின் தோளிற் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்தலே குழந்தைக்கு உற்ற வைத்தியம்.

வயிற்றுப்போக்கோ விளையாட்டன்று. உச்சிக்குழி பதிதலைத் தனி நோயாகக் கொண்டு அதன்மேல் பற்றிடுவாருண்டு. அது உடலில் நீர் வற்றியதன் அறிகுறி. 1971-ஆம் ஆண்டில் வங்காள எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில், காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் குறைந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதவிடத்து, காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டரில் சர்க்கரை 6 தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் தலைவெட்டியாக அளந்து கரைத்துக்கொள்க. தாய்ப்பாலையும் நிறுத்தற்க. கண் குழிதல், சிறுநீர் குன்றல், பால் குடியாமை, மலத்தில் இரத்தம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுவிற்குப் பேதி எனினும், நாழிகை தாழ்த்தாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் நும் தமக்கையின் பிள்ளைக்கு அம்மிச்சி மருந்து உரைப்பதைக் காண்பீராயின், அவரை எள்ளி நகையாடற்க. செலவு இரசத்தை உம் தமக்கைக்கு அவர் கையாலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு செம்பு நீரை அவள் அருகில் வையுங்கள். உரைகல்லைப் பணிவாக வாங்கிப் பரணில் ஏற்றுங்கள். அம்மிச்சி அக்கல்லில் உரைத்தது அன்பே. அவ்வன்போடு அறிவையும் சேர்ப்பது கற்ற நம் கடன்.